காத்தாயியின் நான்கு பற்கள்

1

என் மகள் கயல்விழிக்குப் பல் ஆடுகிறது. அவளுக்கு வயது முப்பத்தேழு, கைக்குழந்தைக்கு ஏழு மாதம். பேரனுக்கு முதல் பல் முளைத்த அதே வாரத்தில் அவனைப் பெற்றவளுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆட ஆரம்பித்திருக்கிறது. தொலைபேசியில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நானும் கூடவே சிரித்துவைத்தேன்.

"டென்டிஸ்ட் கேட்டார்மா, ஃபேமிலில யாருக்காவது ஈறு வியாதி உண்டான்னு. மாசமா இருக்கும்போதே கேட்டார். இல்லவே இல்லைன்னு சொன்னேன். அம்மாச்சிக்குப் பல்லு போனது போராட்டத்துல அடிச்சதாலன்னு சொன்னேன். அவர் அப்படியே ஆடிப்போயிட்டார்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஃபேமிலில இல்லைன்னா பயப்பட வேண்டாம், மாசமா இருக்கறப்ப ஈறுல ரத்தம் வர்றது சகஜம், பிறந்ததும் நின்னுடும்னார். நிக்கலை. இப்ப பல்லு ஆடுது."

போனை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். என் அம்மாவை யாரும் அடிக்கவில்லை. அப்படிச் சொன்னது நான். ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பொய் முப்பத்தேழு வருஷமாக எங்கள் வீட்டில் வளர்ந்து, படித்து, பட்டம் வாங்கி, இப்போது என் மகளின் வாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஊரில் இருப்பவர்கள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். நன்னிலம் பக்கத்துக்காரர்கள் படித்தால் இன்னும் நல்லது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

2

கயல் பிறந்தபோது நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். என் கணவர் செல்வராஜ் சீர்காழிக்காரர், அங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு உதவிக்கு ஆள் இல்லை. அம்மா வருவதற்கு விசா, பாஸ்போர்ட் என்று எதுவும் கைகூடவில்லை. அவளுக்குப் பதிலாக அவளுடைய கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல என் கடைசித் தம்பி மாரிமுத்து எழுதியிருந்தான்.

'பச்சை உடம்பு. பச்சைத் தண்ணி பல்லில் படக் கூடாது. அந்த நார் பிரஷ்ஷைத் தொடாதே, ஈறு விட்டுப்போகும். நாற்பது நாளைக்கு உமிக்கரியும் உப்பும் வைத்து ஒற்றை விரலால் தேய். வெந்நீரில் கொப்பளி. லேகியத்தைப் பால் கொடுக்கும்போதெல்லாம் ஓர் உருண்டை போடு.'

லேகியம் சீர்காழியிலிருந்து மாமியார் அனுப்பியிருந்தார். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மினுங்குகிற லேகியம். அதில் குறையில்லை. உமிக்கரிக்குத்தான் திண்டாட்டம். நெல்லே விளையாத நாட்டில் உமிக்கு எங்கே போவது? கேட்டால் சிரிப்பீர்கள்: ரொட்டியைக் கருக்கினோம். காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் என் கணவர் இரண்டு ரொட்டித் துண்டுகளைக் கரியாகும்வரை வாட்டி, கத்தியால் சுரண்டி, உப்பு சேர்த்து ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைப்பார். பட்டப்படிப்பு படித்த நானும் என்ஜினீயரான அவரும் சேர்ந்து இந்தக் காரியத்தைச் செய்தோம். தஞ்சாவூர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

குழந்தையை எடை போட வீட்டுக்கே வரும் நர்ஸம்மா ஒருநாள் அந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன?" என்றார். எனக்கு அப்போது இங்கிலீஷ் பேச்சு நொண்டியடிக்கும். பல்லைக் காட்டி, விரலால் தேய்த்துக் காட்டினேன். அவர் தன் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். அவர் போனதும் பாட்டிலை அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன். ஆனால் தேய்ப்பதை விடவில்லை.

மாசமாக இருந்தபோதே ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிரஷ்ஷை நிறுத்தியதும் ரத்தமும் நின்றது, அம்மா சொன்னது சரிதான் என்று எனக்கு ஒரே திருப்தி. நாற்பது நாள் கழித்து பிரஷ்ஷை எடுத்தால் வாய் முழுக்க ரத்தம். பயந்துபோய் மறுபடி விரலுக்கே திரும்பினேன். ரொட்டிக் கரி, லேகிய உருண்டை, ராத்திரியில் கொப்பளிக்கக்கூட எழுந்திருக்க முடியாத தூக்கம். மூன்றாம் மாதம் ஈறு நாவல்பழ நிறத்தில் வீங்கிவிட்டது. வாய் நாறியது. குழந்தையைக் கொஞ்சும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்சினேன்.

அந்த யோசனையைச் சொல்லி அனுப்பியவளின் வாயில் அப்போது முன்பல் ஒன்றுகூடக் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். பிள்ளை பெற்ற நேரத்தில் அம்மா சொல்வதைக் கேட்டால் அம்மா பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

3

இந்த நாட்டில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வருஷம் வரை பல் வைத்தியம் இலவசம். அதற்கு ஓர் அட்டை உண்டு. அட்டைக்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு கையெழுத்து, கையெழுத்துக்கு ஒரு வரிசை. ஜமாபந்தியில் மனு கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி நின்று அட்டையை வாங்கிக்கொண்டு போனோம்.

மருத்துவர் வயதானவர், பொறுமைசாலி. ரொட்டிக் கரி விஷயத்தைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காமல் விட்டால் அழுக்கு அங்கேயே தங்கி ஈறை அரிக்கும் என்றார். மெல்லிய நாருள்ள பிரஷ்ஷால் ஈறின் ஓரத்தை மெதுவாக, ஆனால் விடாமல் தேய்க்க வேண்டும், லேகியம் சாப்பிட்டால் சாப்பிட்ட கையோடு கொப்பளிக்க வேண்டும், பல்லுக்கு இடையில் நூல் விட வேண்டும் என்றார். கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே செய்யவைத்தார். அதன் பிறகு படிவத்தை எடுத்தார்.

"உங்கள் அம்மாவுக்குச் சொந்தப் பல் இருக்கிறதா?"

"முன்பற்கள் இல்லை."

"எந்த வயதில் போயின? எதனால்?"

பக்கத்து நாற்காலியில் என் கணவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பம் சீர்காழியில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம். பசி என்பது அவர்களுக்கு விரத நாளில் வருவது. எங்கள் கல்யாணம் சீர்திருத்தத் திருமணம். மேடையில் பேசியவர்கள் சாதி ஒழிந்தது என்று பேசினார்கள், கீழே உட்கார்ந்திருந்த அவருடைய அத்தைமார்கள் என் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று முழுக்க அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

உண்மை ரொம்பச் சின்னது. சாப்பாடு இல்லை, பிள்ளை மேல் பிள்ளை, ஈறு அழுகிப் பல் விழுந்தது. அவ்வளவுதான். இங்கிலீஷில் சொல்வதற்கும் கஷ்டமில்லாத வார்த்தைகள். எனக்கு அது வாயில் வரவில்லை.

"அடித்து உடைத்துவிட்டார்கள். கூலிப் போராட்டத்தில், நிலக்காரர்களின் ஆட்கள்" என்றேன்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை இருந்தது. அந்த ஊரில் யாரும் என்னை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு அது இனித்தது.

வெளியே வந்ததும் என் கணவர், "இத்தனை நாள் நீ சொன்னதே இல்லையே?" என்றார்.

"சொல்ல மனசு வரல."

அவர் என் தோளில் கை வைத்தார். அதோடு அவரிடமும் மாற்றிச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

மருத்துவர் படிவத்தில் 'காயம்' என்று எழுதிக்கொண்டார். பரம்பரையில் இல்லை, பிரசவத்தால் வந்த ஈறு வீக்கம்தான், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். நான் ஆறு மாதம் கழித்தும் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை. கயலுக்கு ஆறு வயதாகும்போது எனக்குப் பின்வரிசையில் மூன்று பற்கள் போயிருந்தன. பின்வரிசைதானே, யாருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். மகளுக்கும் சொல்லவில்லை.

4

நடந்ததை நடந்தபடி இப்போதாவது சொல்கிறேன்.

என் அம்மா பாக்கியம் ஐந்து பிள்ளை பெற்றாள். மூத்தவள் நான். அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாள். அம்மா நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போவாள். பிரசவமான வீட்டில் பத்தியச் சாப்பாடு என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், பூண்டு, கருவாடு, லேகியம். எங்கள் வீட்டில் பிரசவத்துக்கு முன்பும் கஞ்சி, பின்பும் கஞ்சி. ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் அவளுக்கு ஈறு வீங்கும். வலிக்குப் புகையிலையை ஒதுக்கிக்கொள்வாள். புகையிலை பசியையும் கொஞ்சம் அடக்கும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். நடவு வயலில் அவளுக்குப் பின்னால் நாற்று முடியைத் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தேன். குனிந்து நட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒரு பல்லைப் பிடித்து ஆட்டி எடுத்தாள். பார்த்தாள். வரப்புப் பக்கம் எறிந்தாள். வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி குனிந்து நட்டாள். வரிசையில் அவள் பின்தங்கக்கூட இல்லை.

அவளை யாரும் அடிக்கவில்லை. அடி வாங்கியது பக்கத்துக் குடிசையில் இருந்த காத்தாயி அத்தை.

ஆட்சி மாறிக் கறுப்பு சிவப்புக் கரைவேட்டிகள் ஊருக்குள் வந்திருந்த காலம் அது. எங்கள் தெரு முனையில் செங்கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் தரமாட்டேன் என்று வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் தெரு ஆண்களும் பெண்களும் வயலை மறித்து வரப்பில் நின்றார்கள். மிராசுதாரின் காரியக்காரர் மூங்கில் கழியோடு வந்தார். முன்னால் நின்ற காத்தாயி அத்தைக்கு வாயில் விழுந்தது. நான்கு பற்கள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

அத்தையைத் தட்டுவண்டியில் நன்னிலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் மடியில் ரத்தம் ஊறிய துணி கிடந்தது. அழவில்லை, திட்டிக்கொண்டே போனாள். அந்தத் திட்டை இங்கே எழுத முடியாது.

பிறகு மனைப் பட்டா வந்தது, கூலி ஏறியது, எனக்கு அரசாங்க விடுதியில் இடம் கிடைத்துப் படிப்பு வந்தது. அந்தக் காலத்துக்கு நான் கடன்பட்டவள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த விடுதியில்தான் முதல் தப்பைச் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பொரி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். மற்ற பெண்களெல்லாம் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, வாய மூடிக்கிட்டுப் பேசு" என்றேன்.

அதற்கு முன் அவளுக்கு வாயை மூடும் பழக்கம் கிடையாது. அன்று முந்தானையை எடுத்து மூடியவள் சாகும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

5

கயலுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா முதலும் கடைசியுமாக இங்கே வந்தாள், மூன்று மாத விசாவில். வருவதற்கு முன்பே தம்பியிடம் சொல்லி அவளுக்குத் தஞ்சாவூரில் பல் செட் கட்டவைத்திருந்தேன். அம்மா கேட்கவில்லை. விமான நிலையத்தில் யாராவது பார்ப்பார்களே என்று நான்தான் கட்டவைத்தேன். செட் அவளுக்குப் பொருந்தவில்லை, பேசினால் டக்டக்கென்று சத்தம் வரும்.

அதற்குள் என் பொய் பெரிதாகியிருந்தது. நான் வேலை பார்த்த நூலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கயலுக்கு அது தாலாட்டுக் கதை மாதிரி. பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பத்தின் வீரர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் யுத்தத்துக்குப் போன தாத்தாவைப் பற்றி எழுதினார்கள். இவள் அம்மாச்சியைப் பற்றி எழுதினாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். வீரர் இங்கேயே வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் வகுப்புக்கு அழைத்துவரச் சொன்னார்.

அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைங்க ஒன்னப் பாக்கணும்ங்குதுங்க. நீ ஒண்ணும் பேச வேணாம்."

பச்சைப் பட்டுச் சேலையும் என் கணவரின் கம்பளிக் கோட்டுமாக அம்மா வகுப்பின் முன்னால் நின்றாள். கயல் கட்டுரையை உரக்க வாசித்தாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டிக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரு குழந்தை கையைத் தூக்கி என்னவோ கேட்டது. கயல் திரும்பித் தமிழில் கேட்டாள், அந்த வயதில் அவளுக்குத் தமிழ் சுமாராக வரும்.

"அம்மாச்சி, ஒங்கள அந்த ஆளு அடிச்ச எடத்தக் காட்டுவீங்களா? வலிச்சுதான்னு கேக்குறாங்க."

அம்மா கயலைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் அம்மா அசடு இல்லை. அந்தக் குனிதலில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமாண்டா கண்ணு. வலிச்சுது" என்றாள்.

செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டினாள். முப்பது பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் குழாயடியில் நின்று செட்டைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எதுக்கு வெக்கம்? பல்லு இல்லாததுக்கா, சோறு இல்லாததுக்கா?"

அம்மா குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் அன்னைக்கி வரப்புல நிக்கவே இல்லடி. மாரிமுத்து பொறந்து இருவது நாளு. பச்ச ஒடம்புக்காரின்னு பாய்ல கெடந்தேன். போறப்ப காத்தாயி வாசல்ல நின்னு கூப்புட்டா. வர முடியாதுன்னேன். திரும்பி வந்தப்ப அவளுக்கு வாயே இல்ல. நான்தான் உப்புத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தேன். இப்ப அவ பல்ல எம் பல்லுன்னு காட்டிட்டு வந்துட்டேனே. ஊருக்குப் போயி அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"அம்மா…"

"அழுவாத. புள்ளகிட்ட நான் சொன்னா அது ஒன்னத் தப்பா நெனைக்கும். அதான் ஆமான்னேன். நீயே சொல்லிரு. இன்னைக்கே வேணாம், ஒனக்கு எப்ப முடியுதோ அப்ப சொல்லிரு."

"சொல்றேம்மா."

வாக்குக் கொடுத்தேன். கயலுக்குப் பத்து வயது ஆகட்டும், புரியும் என்று நினைத்தேன். பதினைந்து ஆகட்டும் என்றேன். பிறகு அவள் தமிழை விட்டாள், தலைமுடியை வெட்டினாள், வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். பேசுவதே வாரத்துக்கு ஒரு தடவை என்றானபோது, அந்த ஒரு தடவையைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்தச் சாவுக்குக் கயல் வந்திருந்தாள். அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னபோது, கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் இங்கிலீஷில் அந்தக் கதையைத்தான் சொன்னாள். அவர்களுக்குப் புரியவில்லை. நான் பிழைத்தேன். அப்போது பிழைத்தேன் என்றுதான் நினைத்தேன், அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

6

ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடச் சொன்னார்கள். பிடுங்கும் நாளன்று குழந்தையைப் பார்த்துக்கொள்ள ரயிலேறிக் கயல் வீட்டுக்குப் போனேன். அவள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.

"யுனிவர்சிட்டி இன்டர்வியூல அதத்தாம்மா சொன்னேன்" என்றாள் கயல். "எம் பிள்ளைக்கு அம்மாச்சி பேரை நடுப்பேரா வச்சிருக்கேன்."

"தெரியும்."

"ஒனக்கும் பல்லு போயிருக்கா?"

"மூணு. பின்னால."

"நான் மாசமா இருந்தப்பவாவது சொல்லிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அடி வாங்கினது யாரு?"

"பக்கத்து வீட்டுக் காத்தாயி அத்தை."

"அவங்க பேரை நான் எங்கயுமே எழுதலையே."

பல் மருத்துவமனையில் குழந்தையோடு எங்களை உள்ளே கூப்பிட்டது ஒரு சின்ன வயது மருத்துவர். கயல் என் பக்கம் கையைக் காட்டி, "இவங்க சொல்லுவாங்க" என்றாள். நான் சொன்னேன். என் அம்மாவுக்கு ஐந்து பிரசவம். சாப்பாடு போதாது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் ஈறு அழுகிப் பல் விழுந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் முன்வரிசை முழுக்கப் போய்விட்டது. எனக்கும் பிரசவத்துக்குப் பிறகு மூன்று போயின. முன்பு சொன்னது தவறு.

அவர் கணினியில் தட்டிக்கொண்டார். "நன்றி, இது உதவும். முன்பே தெரிந்திருந்தால் மாதாமாதம் வரச்சொல்லி ஈறைச் சுத்தம் செய்திருப்போம். மற்ற பற்களைக் காப்பாற்றப் பார்ப்போம்" என்றார். கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நாலைந்து வரிதான் அது. அதைச் சொல்வதற்கு முப்பத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது எனக்கு.

ஒரு பல் போயிற்று. பக்கத்தில் இருப்பவை தப்பிக்கும் என்கிறார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்த கயல், காரில் ஏறும் முன் என் கைப்பேசியை நோக்கி விரலை நீட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பஞ்சுக்குள்ளிருந்து வந்தாலும் தெளிவாகவே கேட்டது.

"காத்தாயி."

7

மாரிமுத்து இப்போது நன்னிலத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். அவனிடம் விஷயத்தைச் சொல்லாமல், காத்தாயி அத்தையைப் பார்க்கணும், வீடியோ போட்டுக் கொடு என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை அவள் வீட்டுக்கே போய்ப் போட்டுக் கொடுத்தான்.

அத்தை முறத்தை மடியில் வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்குகிறாள். செட் எதுவும் கட்டவில்லை, வாயை மூடவும் இல்லை. என்னைக் கண்டதும் பொக்கை வாய் முழுக்கத் திறந்து சிரித்தாள்.

"யாரு, பாக்கியம் மவளா? இளைச்சிட்டியே ஆயி."

நான் எழுதிவைத்துப் படிப்பவள் போல ஒப்பித்தேன். டாக்டரிடம் சொன்னது, பள்ளிக்கூடம், கைதட்டல், எல்லாம். அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதுவா? ஒங்கம்மா சீமையிலேருந்து வந்த மறுநாளே வந்து சொல்லிருச்சே."

"சொல்லிருச்சா?"

"காலப் புடிக்க வந்துச்சு. 'ஒம் பல்ல எடுத்துப் புள்ளைங்களுக்குக் காட்டிட்டு வந்துட்டேன் காத்தாயி'ன்னு. எனக்குச் சிரிப்பு. போன பல்லு சீமைக்கிப் போயிக் கைதட்டு வாங்கிட்டு வந்துருக்கேன்னேன். அதுக்குச் சிரிப்பு வரல. 'எம் மவ சொல்றேன்னுருக்கா, பேத்திகிட்ட சொல்லிருவா'ன்னுச்சு."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகையோ உளுந்துத் தூசியோ, எனக்குத் தெரியவில்லை.

"பொங்கலுக்குப் பொங்கல் நீ போன் பண்ணுவல்ல, பேசிட்டு நேரா இங்கதான் வரும். இந்த எடத்துலதான் ஒக்காரும். 'இன்னும் சொல்லல காத்தாயி'ன்னு சொல்லிட்டுப் போவும். கடைசிப் பொங்கலுக்கும் வந்து சொல்லிட்டுத்தான் போச்சு."

"இப்பச் சொல்லிட்டேன் அத்தை."

"சரி ஆயி" என்றாள் காத்தாயி அத்தை. "அது இருக்கறப்ப சொல்லிருக்கலாம்ல."

அவள் முகம் திரை முழுக்க இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் முகமும் தெரிந்தது. அதில் நான் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.